ஒரே சாலையில் மூன்று ஆலைகள்: கார்த் தொழிலின் இடப்பெயர்ச்சியும் பாடாலூரும்

பெரம்பலூர் மாவட்டத்தில் கார் ஆலை எதுவும் இருந்ததில்லை; ஆகவே, அங்கே கார் ஆலை மூடப்பட்டது என்ற செய்தியும் வந்ததில்லை. ஆயினும், தமிழ்நாட்டுக் கார்த் தொழிலின் ஏற்ற இறக்கங்களை ஆராய்வோர் அம்மாவட்டத்தின் ஆலத்தூர் வட்டத்தையும், அதன் நெடுஞ்சாலை ஊரான பாடாலூரையும் விலக்கிவிட்டுப் பேச இயலாது. பாடாலூரை அடுத்த நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர் ஆலை இயங்குவது அதற்கு ஒரு காரணம். ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்த கையோடு மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்குப் பஸ் ஏறும் இளைஞர்கள், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிராமங்களில் தலைமுறைக்குத் தலைமுறை பெருகி வந்திருப்பது மற்றொரு காரணம்.

இவ்விரண்டையும் ஒரே சாலை இணைக்கிறது. சென்னையில் ஜி.எஸ்.டி. சாலை என்ற பெயரோடு புறப்படும் நெடுஞ்சாலை, பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் தமிழ்நாட்டின் தொடக்கக்காலக் கார் ஆலைகளுள் ஒன்று நின்ற இடத்தைக் கடந்து, ஃபோர்டு ஆலை அமைந்த மறைமலை நகர் வழியாகச் செங்கல்பட்டு, விழுப்புரம், பெரம்பலூர் எனத் தெற்கே இறங்கி, நாரணமங்கலத்தையும் பாடாலூரையும் தொட்டுக்கொண்டு திருச்சியை அடைகிறது. இச்சாலையோரத்து மூன்று ஆலைகளின் வரலாற்றையும் சேர்த்து வாசித்தால், ஆலை இடம் மாறும்போது இழப்பீடு அதன் வாசலோடு நின்றுவிடுவதும், இழப்பு மட்டும் சாலை வழியே வெகுதூரம் பயணிப்பதும் புலப்படும்.

முதலாவது ஆலை இன்று பெரும்பாலும் நினைவில் மட்டுமே உள்ளது. இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வேன்கார்டு கார்களில் தொடங்கி, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரையும், 1972 முதல் கேஸல் காரையும் தயாரித்தது. உரிமம் பெற்றுத்தான் உற்பத்தி செய்ய வேண்டும், எத்தனை வண்டி செய்யலாம் என்பதையும் அரசே வரையறுக்கும் என்ற அக்காலக் கட்டுப்பாட்டு முறை, அந்நிறுவனத்தைப் போட்டியிலிருந்து காத்தது. அதே முறை அதை வளரவிடாமலும் வைத்திருந்தது. 1985இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000 என்ற கார், பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 வண்டியின் உடற்கூட்டைப் பழைய வேன்கார்டு வழிவந்த 2 லிட்டர் எஞ்சினோடு பொருத்திய கலப்பாக இருந்தது. மாருதி வந்துவிட்ட சந்தையில் அது எடுபடவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது. தாய் நிறுவனத்தின் கோவன்ட்ரி ஆலையில் கார் பூட்டும் வேலை 1980இலேயே நின்றுவிட்டதை எண்ணினால், தாய் மறைந்தபின் சென்னையில் எட்டாண்டுகள் தாக்குப்பிடித்த பிள்ளை என்றே இதைச் சொல்ல வேண்டும். அச்சும் வார்ப்பும் ஒரு நாட்டில் காலாவதியாகி மற்றொரு நாட்டுக்கு அனுப்பப்படுவது இடப்பெயர்ச்சியின் ஒரு முகம். சென்னை அப்போது அதைப் பெற்றுக்கொள்ளும் முனையில் இருந்தது.

இரண்டாவது ஆலையின் வரலாறு விரிவாகச் சொல்லத் தக்கது. ஃபோர்டு நிறுவனம் 1926இல் இந்தியாவில் தன் கிளை நிறுவனத்தைத் தொடங்கி, 1950களின் நடுப்பகுதியில், இறக்குமதிப் பாகங்களை வெறுமனே பூட்டி விற்பதை அரசு ஊக்குவிக்க மறுத்தபோது வெளியேறியது. தாராளமயத்துக்குப் பின் 1995இல் மஹிந்திராவுடன் கூட்டாகத் திரும்பிவந்து, மறைமலை நகரில் ஆலை அமைத்து, 1999இல் ஐகான், 2010இல் ஃபிகோ, 2013இல் எக்கோஸ்போர்ட் எனத் தொடர்ந்தது. விற்பனை வரிச் சலுகை, நிலம், மின்சாரம் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக வழங்கி அரசு பெருநிறுவனங்களை ஈர்த்த முறைக்கு இந்த ஆலை முன்னோடிகளுள் ஒன்றாகும். சிறிது காலத்தில் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும், 2010இல் ரெனோ-நிசான் ஒரகடத்துக்கும் வந்தன. இருக்கை, கண்ணாடி, மின்கம்பித் தொகுதி, பிளாஸ்டிக் வார்ப்பு என ஒவ்வொன்றையும் செய்துதரும் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அவற்றைச் சூழ்ந்தன. கார் நிறுவனத்துக்கு நேரடியாகப் பொருள் தருவோர் முதல் அடுக்கு, அவர்களுக்குத் தருவோர் இரண்டாம் அடுக்கு என்று தொழில் வட்டாரத்தில் சொல்வது வழக்கம். அடுக்கு இறங்க இறங்கச் சம்பளம் குறையும். ஒப்பந்த வேலையின் பங்கு கூடும். வெளியூர்ப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடும்.

ஃபோர்டு தன் இரண்டாவது ஆலையை 2015இல் குஜராத்தின் சனந்தில் திறந்தது. இரண்டு ஆலைகளின் மொத்தத் திறன் ஆண்டுக்கு 4 லட்சம் வண்டிகளைத் தாண்டியது; இந்தியச் சந்தையில் நிறுவனத்தின் பங்கோ 2 விழுக்காட்டுக்கும் கீழே கிடந்தது. ஏற்றுமதி கைகொடுத்தபோதும் ஆலைகளின் பெரும்பகுதித் திறன் சும்மா இருந்தது. மஹிந்திராவுடன் 2019 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கூட்டு முயற்சி 2020ஆம் ஆண்டின் கடைசி நாளில் கைவிடப்பட்டது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இயக்க நட்டம் என்று காரணம் காட்டி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பர் 9 அன்று நிறுவனம் அறிவித்தது. மறைமலை நகரில் ஏற்றுமதிக்கான கடைசி எக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளிவந்தது.

இந்த நட்டத்துக்குத் தொழிலாளரின் திறனோ சென்னையின் கூலியோ காரணமல்ல. சந்தை விரும்பாத வண்டி, மிகையாகக் கட்டப்பட்ட ஆலை, தலைமையகத்தின் உலகளாவிய முன்னுரிமைகள் ஆகிய மூன்றுமே அமெரிக்காவின் டியர்பார்னில் எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவுகள். கார் பூட்டும் ஆலை ஒற்றைப் பெயரோடு கட்டுண்டது. அப்பெயர் விற்கவில்லை என்றால் அண்டை ஆலையில் எவ்வளவு வேலை நெருக்கடி இருந்தாலும் இந்த ஆலைக்கு வேலை இல்லை. தொழில் நகரம் என்று பெயரெடுத்த வட்டாரத்திலும் தனி ஆலை விழக்கூடும் என்பதை இந்த அமைப்பே உறுதிசெய்கிறது.

அடுத்து நடந்தவை சட்டத்தோடு தொடர்புடையவை. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் ஆலையை மூட விரும்பும் முதலாளி, குறைந்தது 90 நாள்களுக்கு முன் அரசின் அனுமதியைக் கோர வேண்டும் என்றும், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும் என்றும் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25-ஓ பிரிவு கூறியது. நடைமுறையில் பெருநிறுவனங்கள் இப்பிரிவின் வழியே செல்வதைவிட, தொழிற்சங்கத்தோடு பேசி, அதைவிடப் பலமடங்கு தொகை கொடுத்து, தொழிலாளர்களைத் தாமே விலகச் செய்வதையே விரும்புகின்றன. ஆலைத் தொழிலாளர் பேச்சுவழக்கில் இதற்குப் பெயர் செட்டில்மென்ட். மறைமலை நகரில் ஏறத்தாழ 2,600 நிரந்தரத் தொழிலாளர்கள் 2022 மே இறுதியிலிருந்து வேலைநிறுத்தம் செய்து, நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், ஓராண்டுப் பணிக்கு நூறு நாளுக்கும் மேற்பட்ட ஊதியம் என்ற அளவில் தொகை பெற்றனர். சட்டம் வகுத்த குறைந்த அளவோடு ஒப்பிட்டால் இது சங்கத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. முப்பத்தைந்து, நாற்பது வயதில், வீட்டுக்கடன் பாதியில் நிற்க, ஒரே கார் லைனில் பதினைந்தாண்டு தேர்ந்த கையோடு வெளியே வரும் ஒருவருக்கு அத்தொகை எத்தனை காலத்துக்கு வரும் என்பது வேறு கேள்வி.

இக்கேள்விக்குப் பிற நாடுகளின் அனுபவம் ஓரளவு விடை தரும். இங்கிலாந்தின் லாங்பிரிட்ஜில் 2005இல் எம்.ஜி. ரோவர் ஆலை நொடித்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தபோது, அவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள், பெரும்பாலோருக்கு மறுவேலை கிடைத்தது, ஆனால் பலருக்கும் ஊதியம் குறைந்தது என்று பதிவுசெய்தன. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு 2016இலும் டொயோட்டாவும் ஹோல்டனும் 2017இலும் உற்பத்தியை நிறுத்தியபோது, அறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே சில ஆண்டுகள் அவகாசம் இருந்தது. மறுபயிற்சிக்கு அதைப் பயன்படுத்த முடிந்தது. மறைமலை நகருக்குக் கிடைத்தது ஓராண்டுக்கும் குறைவு. எனினும் அங்கெல்லாம் ஆய்வாளர்களால் தொழிலாளர்களைப் பின்தொடர முடிந்ததே, அவர்கள் ஆலைப் பதிவேட்டில் பெயரோடு இருந்ததால்தான்.

பாடாலூர் போன்ற ஊர்கள் இந்தச் சித்திரத்துக்குள் வருவது, ஆலைப் பதிவேட்டில் பெயரில்லாதோரின் வழியேதான். ஒழுங்கமைந்த ஆலைத் துறையில் ஒப்பந்ததாரர் வழியே வேலை செய்வோரின் பங்கு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருந்து, 2022-23க்கான ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பில் பத்தில் நால்வர் என்ற அளவை எட்டியது. இதற்கு மேலும், 2013இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அறிவித்துப் பின்னர் திரும்பப் பெற்ற நீம் என்னும் திட்டத்தின் கீழ் பயிற்சியாளர்களாக எடுக்கப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது உதவித்தொகை, சம்பளமன்று, சட்டத்தின் பார்வையில் அவர்கள் தொழிலாளருமல்லர். பர்மனென்ட், கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ் என நான்கு வகையினரும் ஒரே லைனில் ஒரே நட்டை முடுக்கக்கூடும். ஆலை மூடும்போது முதல் வகையினருக்கு மட்டுமே செட்டில்மென்ட். மற்றவர்களுக்கு ஒப்பந்ததாரர் தொலைபேசியில் சொல்வார், அல்லது கம்பெனி பஸ் வராது.

அவர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த அறையைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்புவதோ, அடுத்த ஒப்பந்ததாரரைத் தேடி ஒரகடம் பக்கம் நகர்வதோ வேலையிழப்பாக எங்கும் பதியப்படுவதில்லை. ஊர் திரும்பியவருக்கு மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி, கிணற்றுப் பாசன நிலம் இருந்தால், புள்ளிவிவரம் அவரை விவசாயி என்று எண்ணிக்கொள்ளும். வேலையின்மை விகிதம் குறைவாகக் காட்டப்படும் மாவட்டங்களில் இவ்வாறு மறைந்துகிடப்போர் எத்தனை பேர் என்பது தனியே ஆராயத்தக்கது. ஆக, கார் வேலை வேறு மாநிலத்துக்குப் போவதற்கு முன்பே வேறொரு பதிவேட்டுக்குப் போய்விட்டிருந்தது. பின்னது நடந்திராவிட்டால் முன்னது இத்தனை எளிதாகவும் ஓசையின்றியும் நடந்திருக்காது.

ஃபோர்டின் இரண்டு ஆலைகளும் மூடப்பட்டாலும் அவற்றின் முடிவு ஒன்றாக இல்லை. சனந்து ஆலையை டாடா குழுமத்தின் மின்கார் நிறுவனம் ஏறத்தாழ 726 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அங்கிருந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு வேலை தரவும் முன்வந்தது. மறைமலை நகர் ஆலை ஆளின்றிக் கிடந்தது. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்கான உற்பத்திக்கு அதைத் திரும்பப் பயன்படுத்தும் விருப்பத்தை ஃபோர்டு தமிழ்நாடு அரசிடம் தெரிவித்தது. 2025 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் ஆண்டுக்கு 2.35 லட்சம் எஞ்சின்கள் அங்கே தயாராகும். உற்பத்தி 2029இல் தொடங்கும். நேரடி வேலை 600 பேருக்கு மேல் கிடைக்கும். முன்பிருந்த 2,600 நிரந்தர வேலைகளுக்கு எதிரே இதை வைத்துப் பார்த்தால், ஆலை திரும்புவதும் வேலை திரும்புவதும் ஒன்றல்ல என்பது விளங்கும். இதைவிடக் கவனிக்கத் தக்கது மற்றோர் எண்: ஆலை மூடப்பட்டிருந்த அதே காலத்தில், ஃபோர்டின் உலகளாவிய கணக்கு, மென்பொருள், வடிவமைப்புப் பணிகளைத் தமிழ்நாட்டு அலுவலகங்களில் 12,000 பேர் செய்துவந்தனர். ஃபோர்டு தமிழ்நாட்டை விட்டுப் போகவில்லை; ஐ.டி.ஐ. படித்தவரை விட்டுப் பொறியியல் படித்தவரிடம் போயிற்று.

மாநிலங்களுக்கிடையேயான இடப்பெயர்ச்சிக்கு வேறு சான்றுகளும் உண்டு. இங்கே அவற்றைத் தொட்டுச்செல்வது போதும். 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி 1948இல் வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு நகர்ந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 2014 மே மாதம் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்தியது; வங்காளத்தின் சிங்கூரில் அமையவிருந்த நானோ ஆலை 2008இல் குஜராத்தின் சனந்துக்குப் போனது. எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட், 2003இல் அறிவிக்கப்பட்ட கலால் வரி விலக்கின் ஈர்ப்பால் உத்தராகண்டின் பந்த்நகருக்கும் விரிந்தது. ஹூண்டாய் தன் அடுத்த இந்திய ஆலைக்கு, ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுச்சென்ற மகாராஷ்டிரத்தின் தலேகாவ்ன் ஆலையை 2023இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. மறுபக்கத்தில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் ஆலை திறந்தது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் 2024இல் அடிக்கல் நாட்டியது. மாநிலக் கணக்கில் வரவும் செலவும் ஈடாகலாம். மறைமலை நகரில் வேலையிழந்தவரே தூத்துக்குடியில் வேலை பெறுவார் என்று அந்தக் கணக்கு சொல்வதில்லை.

மூன்றாவது ஆலைக்கு வருவோம். 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1960களில் அங்கேயே டயர் உற்பத்தியில் இறங்கியது. பின்னர் அது திருவொற்றியூரை மேலும் மேலும் பெருக்கவில்லை. கோட்டயம், கோவா, அரக்கோணம், தெலங்கானாவின் மேதக் வட்டாரம், புதுச்சேரி என்று பரவி, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாரணமங்கலத்துக்கு வந்து, அதன்பின் குஜராத்தின் தாஹேஜுக்கும் சென்றது. பழைய ஆலையை மூடாமலேயே புதிய முதலீட்டை வேறிடத்துக்குத் திருப்புவதும் இடப்பெயர்ச்சியே. அதற்கு வாசல் போராட்டமும் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை. நிலம் மலிவு, நான்கு வழிச்சாலை வந்துவிட்டது, நெருக்கடியான நகரமோ நெடுங்காலச் சங்க மரபோ இல்லை என்பவை நெடுஞ்சாலையோரச் சிற்றூர்களின் பக்கம் முதலீட்டை இழுக்கும் பொதுக் காரணங்கள். திருவொற்றியூர் அடையாமல் விட்ட வளர்ச்சியின் ஒரு பங்குதான் பாடாலூருக்கு வந்து சேர்ந்தது.

அவ்வாறு வந்த ஆலை நிலைக்குமா என்பதற்கு விடை டயர் செய்யும் முறையிலேயே இருக்கிறது. இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கார்பன் கரி, எண்ணெய், கந்தகம் முதலியவற்றோடு பான்பரி எனப்படும் ராட்சதக் கலவைப் பொறியில் பிசையப்படும். அக்கலவை, கேலண்டர் என்னும் உருளைகளுக்கிடையே நூல் இழைத் துணியிலும் எஃகுக் கம்பியிலும் பூசப்பட்டுத் தகடாக வெளிவரும். தகடுகளை உருளைமேல் அடுக்கடுக்காகச் சுற்றி இணைக்கும் ஆளின் கைநிதானத்தில் டயர் உருப்பெறும். ஓடும் பகுதியில் இன்னும் கோடுகள் விழாத, தொட்டால் ஒட்டும் இந்த நிலைக்குக் கிரீன் டயர் என்று பெயர். அச்சுக்குள் வைத்து, நீராவி வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேகவைக்கும் கியூரிங் என்ற கட்டத்தில்தான் அது உறுதியும் வடிவமும் பெறுகிறது. கியூரிங் அச்சுகளும் கொதிகலனும் இரவு பகல் ஓடியாக வேண்டும். ஆறவிட்டு மீண்டும் சூடேற்றுவது நட்டம். ஆகையால் மூன்று ஷிப்டு. ஆகையால், விடியற்காலையிலும் நள்ளிரவிலும் ஆள் ஏற்றும் வண்டிகள். ஆகையால், ஆலையை அண்டிய ஊர்களில் டீக்கடைக்கும் மெஸ்ஸுக்கும் வாடகை வீட்டுக்கும் இருபத்து நான்கு மணி நேர வியாபாரம்.

இத்தகைய பொறித்தொகுதியைப் பெயர்த்து எடுத்துச்செல்வது கார் லைனைப் பெயர்ப்பதைவிடக் கடினம். ஆனால், டயர் ஆலைக்கு உண்மையான காப்பு சந்தையில்தான் உள்ளது. இந்திய டயர் விற்பனையில் பாதிக்கு மேல், தேய்ந்த டயரை மாற்றுவோருக்கு விற்கப்படுவது. ஃபோர்டு கார் விற்காவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஃபோர்டுக்கு டயர் வேண்டும்; எஞ்சின் போய் மின்மோட்டார் வந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் டயர் வேண்டும். ஒற்றைப் பெயரோடு கட்டுண்ட கார் ஆலையிடம் இல்லாத உறுதி இது. அதற்காக டயர் ஆலை சாகாது என்று எண்ணிவிடவும் கூடாது: இந்தியாவின் முதல் டயர் ஆலையான வங்காளத்தின் சாகாகஞ்ச் டன்லப்பும், சென்னை அம்பத்தூரின் டன்லப்பும் மூடப்பட்டதற்குக் காரணம் சந்தை வற்றியதன்று, உடைமை கைமாறிக் கைமாறி முதலீடு வற்றியதே.

ஆலையைப் பெயர்ப்பது எத்தனை எளிது என்ற இதே அளவுகோலால் அண்டைத் தொழில்களையும் அளந்து பார்க்கலாம். அரியலூரின் சிமெண்ட் ஆலைகளைச் சுண்ணாம்புக்கல் படுகைகள் கட்டிவைத்திருக்கின்றன. கல் தீரும்வரை அவை வேறெங்கும் போக இயலாது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2022 நவம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட சிப்காட் வளாகத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் அரசு அழைத்துவந்திருக்கும் காலணித் தொழில் இதற்கு நேர்மாறானது. அதற்கு வேண்டிய தையல் பொறிகளையும் அச்சுகளையும் சில மாதங்களில் கப்பலேற்றிவிடலாம். தைவானிலிருந்து சீனாவுக்கும், அங்கிருந்து வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் கூலியைத் தேடி நகர்ந்து வந்த தொழில் அது. ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சொந்த ஊரிலேயே மாதச் சம்பளம் தரும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதால் அதை வேண்டாம் என்பது பேதைமை. வாங்குவோர் வெளிநாட்டிலும் உரிமையாளர் மற்றொரு நாட்டிலும் இருக்கும் ஒரு தொழிலுக்கு நிலமும் மானியமும் தரும்போது, அது எத்தனை ஆண்டு இருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவாங்க வேண்டும் என்பதே வாதம். 2007இல் ஜி.வி.கே. நிறுவனத்துக்காக ஏறத்தாழ 3,000 ஏக்கரில் திட்டமிடப்பட்ட பெரம்பலூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டலம் சொன்னபடி எழவில்லை; நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் ஒரகடத்துக்கு வேலை தேடிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒப்பந்தத் தொழிலாளரின் வேலையிழப்பை ஊர் ஊராக அளக்க வழியே இல்லையா என்றால், காகிதத்தில் இருந்தது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்கான மத்திய விதிகளின் 13ஆம் படிவம், ஒவ்வோர் ஒப்பந்ததாரரும் வைத்திருக்க வேண்டிய பதிவேட்டை வரையறுத்தது. தொழிலாளியின் பெயர், வயது, வேலையின் தன்மை ஆகியவற்றோடு கிராமம், வட்டம், மாவட்டம் எனப் பிரித்து நிரந்தர முகவரிக்கு ஒரு பத்தியும், வேலை முடிந்த நாளுக்கு ஒரு பத்தியும், முடிந்த காரணத்துக்கு ஒரு பத்தியும் அதில் உண்டு. அதாவது, ஆலத்தூர் வட்டத்திலிருந்து சென்ற ஒருவர் எந்த நாளில், எதற்காக வேலையிழந்தார் என்பதை எழுதிவைக்கும்படி சட்டம் ஐம்பதாண்டுகளாகக் கேட்டுவந்தது. தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கான ஏடாகவே அது கருதப்பட்டது. வட்டவாரியாகக் கூட்டிப் பார்ப்பதற்கான தரவாகக் கருதப்படவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த விதிகள் 20 பேருக்குப் பதில் 50 பேர் உள்ள இடங்களிலிருந்து பொருந்துகின்றன. ஆலையை மூட அனுமதி கோர வேண்டிய வரம்பும் 100இலிருந்து 300 ஆயிற்று. இனி வரும் பதிவேடுகள் கணினியில் அமையும் என்பதால், முகவரிப் பத்தியை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தோடு இணைப்பது முன்னைவிட எளிது. நாற்பது பேரை வைத்து இரண்டாம் அடுக்கு நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரையும் அந்த இணைப்புக்குள் கொண்டுவர, மாநில அரசு தன் விதிகளில் தனியே இடம் வைக்க வேண்டியிருக்கும்.